யாருடைய தூதர் நான்சென்?

தூதர் என்று ஒருவர் வந்து நின்றால் அவருக்குப் பின்னால் ஓர் அரசு நிற்கிறது என்று பொருள். அவர் பேச்சுக்கு எடை தருவது அந்த அரசின் கஜானாவும் படையும்தான். முதல் உலகப் போர் முடிந்ததும் உருவான லீக் ஆஃப் நேஷன்ஸ் என்ற சர்வதேச சங்கத்தைப் பற்றிச் சென்ற இதழில் பார்த்தோம். அதற்குக் கஜானாவும் கிடையாது, படையும் கிடையாது. 1920 ஏப்ரலில் அந்தச் சங்கம் 58 வயது நார்வேக்காரர் ஒருவரை அழைத்து, போர் முடிந்தும் ஊர் திரும்ப முடியாமல் கிடந்த லட்சக்கணக்கான கைதிகளை வீடு சேர்க்கும்படி கேட்டுக்கொண்டது. ஃபிரித்யோஃப் நான்சென் ஒப்புக்கொண்டார். அதிலிருந்து 1930இல் இறக்கும்வரை போர்க்கைதிகள், ரஷ்யப் பஞ்சம், நாடிழந்த ரஷ்யர்கள், கிரேக்க அகதிகள், ஆர்மீனியர்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த துயரங்களெல்லாம் அவர் மேசைக்கே வந்து சேர்ந்தன. 1922இல் அமைதிக்கான நோபல் பரிசும் வந்தது. வழக்கமாகச் சொல்லப்படும் கதை இதுதான்: துருவப் பனியை வென்ற வீரர் தன் புகழாலும் கருணையாலும் அரசுகளின் மனத்தை உருக்கிவிட்டார். அவர் கருணையில் எனக்குச் சந்தேகம் இல்லை. அரசுகளின் மனம் உருகியது என்பதைத்தான் ஆவணங்களோடு ஒட்டவைக்க முடியவில்லை. அரசுகளுக்கு எங்கே லாபம் இருந்ததோ, குறைந்தபட்சம் எங்கே நஷ்டம் இல்லையோ, அங்கே நான்சென் வென்றார். மற்ற இடங்களில் தோற்றார். அந்த இடங்களைக் கண்டுபிடிப்பதுதான் அவர் திறமை. மனிதாபிமானத் தூதர் என்ற புதுத் தொழிலின் அடிப்படைப் பாடமும் அங்கேதான் எழுதப்பட்டது.

அவருடைய துருவப் பயணங்களை இங்கே விரித்துச் சொல்லப் போவதில்லை. விலங்கியல் படித்தவர், 1888இல் கிரீன்லாந்தைப் பனிச்சறுக்கில் குறுக்கே கடந்தார், 1895இல் வட அட்சரேகை 86 டிகிரியைத் தாண்டி அதுவரை மனிதர் எட்டாத வடக்கைத் தொட்டார் என்பது போதும். நமக்கு முக்கியம் அதற்குப் பிறகு வந்த அரசியல் பயிற்சி. 1905இல் நார்வே ஸ்வீடனிடமிருந்து பிரிந்தபோது அவர் குரல் பலமாக ஒலித்தது. 1906 முதல் 1908 வரை லண்டனில் நார்வேயின் முதல் தூதராக இருந்தார். 1917இல் அமெரிக்கா போரில் இறங்கி உணவு ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது நார்வேக்குத் தானியம் இல்லாமல் போயிற்று. நான்சென் வாஷிங்டனுக்கு அனுப்பப்பட்டார். பேச்சுவார்த்தை மாதக்கணக்கில் இழுத்தது. அமெரிக்காவின் கவலை தானியத்தைப் பற்றியது அல்ல, நார்வேயிலிருந்து ஜெர்மனிக்குப் போகும் சரக்கைப் பற்றியது. அதற்கு வரம்பு கட்டினால் தானியம் வரும் என்று கணக்கிட்ட நான்சென், தன் அரசு தயங்கிக்கொண்டிருக்கும்போதே 1918 ஏப்ரல் 30 அன்று தன் பொறுப்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். எதிராளிக்கு என்ன வேண்டும் என்று முதலில் பார்ப்பது, தன்னை அனுப்பியவர்கள் தயங்கினாலும் முடிப்பது என்ற இரண்டு பழக்கங்களையும் அவர் கற்றுக்கொண்டது அங்கேதான்.

அடுத்து ஒரு தோல்வி. அவர் வாழ்க்கையில் மிகப் பயன்பட்ட தோல்வி அது. 1919 ஏப்ரலில், பாரிஸ் சமாதான மாநாடு நடந்துகொண்டிருந்தபோது, உள்நாட்டுப் போரில் பட்டினி கிடக்கும் ரஷ்யாவுக்கு நடுநிலை நாடுகள் மூலம் உணவு அனுப்பலாம் என்று நான்சென் நான்கு பெரிய வல்லரசுத் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார். பின்னால் இருந்து ஊக்கியவர் அமெரிக்க நிவாரண அமைப்பின் ஹெர்பர்ட் ஹூவர். வல்லரசுகள் சரி என்றன, ஆனால் ரஷ்யாவில் சண்டை நிற்க வேண்டும் என்று நிபந்தனை போட்டன. சோறு போடுகிறேன், துப்பாக்கியைக் கீழே வை என்ற பேரம் அது. லெனின் அரசு மறுத்துவிட்டது. ஆனால் மறுப்பை எழுதிய வெளியுறவு அமைச்சர் சிச்செரின், வல்லரசுகளைத் திட்டிய அதே பதிலில் நான்செனை மட்டும் மரியாதையோடு தனியே பிரித்து நன்றி சொன்னார். உணவு ஒரு மூட்டைகூடப் போகவில்லை. ஆனால் மாஸ்கோவில் நம்பத்தகுந்த மேற்கத்தியர் என்று ஒரே ஒரு பெயர் பதிவாயிற்று.

1920இல் சங்கம் அவரைத் தேடி வந்ததற்கு அதுதான் காரணம். போர் முடிந்து ஒன்றரை ஆண்டு ஆகியும் ஜெர்மானிய, ஆஸ்திரிய, ஹங்கேரியக் கைதிகள் சைபீரியாவரை சிதறிக் கிடந்தார்கள். ரஷ்யக் கைதிகள் ஜெர்மனியில் கிடந்தார்கள். அவர்களைக் கொண்டுவருவதற்கு மாஸ்கோவோடு பேச வேண்டும். மாஸ்கோவோ சர்வதேச சங்கத்தை அங்கீகரிக்கவே இல்லை, அதை எதிரிகளின் கூட்டணியாகவே பார்த்தது. நான்சென் மாஸ்கோ போனபோது சிச்செரின் அதைத்தான் சொன்னார்: சங்கத்தோடு பேச்சில்லை. கடைசியில், நான்செனைத் தனித்தனி அரசுகளின் பிரதிநிதியாகக் கருதி அவரோடு பேசலாம் என்று ஒரு வழி செய்தார்கள். சங்கத்தின் தூதர், சங்கத்தின் பெயரைச் சொல்லாததால்தான் உள்ளே நுழைய முடிந்தது! அதன்பின் வேலை வேகமாக நடந்தது. எஸ்டோனியா அந்த ஆண்டுதான் ரஷ்யாவோடு சமாதானம் செய்துகொண்டிருந்தது, அதனால் நார்வா நகர வழி திறந்திருந்தது. பால்டிக் கடலில் கப்பல்கள் ஒரு பக்கம் ரஷ்யர்களை ஏற்றிப் போய், திரும்பும்போது ஜெர்மானியரையும் ஹங்கேரியரையும் ஏற்றி வந்தன. காலியாக ஓடும் பயணம் இல்லை என்பதால் செலவும் குறைந்தது. 1922 செப்டம்பரில் அவர் கணக்கு ஒப்படைத்தபோது வீடு திரும்பியவர்கள் 4,27,886 பேர். இதில் மனம் உருகியவர் யார்? ஒவ்வொரு அரசும் தன் ஆட்களைத் திரும்பப் பெற விரும்பியது. மாஸ்கோவும் விரும்பியது. ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாததுதான் தடை. அந்த இடைவெளியில் நின்று பேச ஒருவர் கிடைத்தார்.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும். அந்த இடைவெளியில் நிற்க எல்லோராலும் முடியுமா, நான்செனின் உலகப் புகழும் நேர்மையும் இல்லாவிட்டால் சிச்செரின் கதவைத் திறந்திருப்பாரா என்று கேட்கலாம். கதவு திறந்ததற்குப் புகழ் காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். திறந்த கதவு வழியே உள்ளே என்ன போகும் என்பதைப் புகழ் தீர்மானிக்கவில்லை. அதற்குச் சாட்சி அடுத்த ஆண்டே கிடைக்கிறது. 1921 கோடையில் வோல்கா நதிக்கரையில் மழை பொய்த்தது. உள்நாட்டுப் போரில் விதைத் தானியம்கூடப் பறிமுதலாகியிருந்த கிராமங்களில் பஞ்சம் தலைவிரித்தாடியது. ஜூலையில் எழுத்தாளர் மாக்சிம் கார்க்கி உலகுக்கு வேண்டுகோள் விடுத்தார். ஆகஸ்ட் 27இல் நான்சென் சிச்செரினோடு நிவாரண ஒப்பந்தம் செய்துகொண்டு நேராக ஜெனீவாவுக்கு வந்து, சங்கத்தின் பேரவையில் அரசுகளிடம் 50 லட்சம் பவுன் கடன் கேட்டார். அர்ஜென்டினாவில் மக்காச்சோளத்தை ரயில் இன்ஜினில் போட்டு எரிக்கிறார்கள், ஐரோப்பியத் துறைமுகங்களில் கப்பல்கள் சும்மா நிற்கின்றன, கேட்பது ஒரு போர்க்கப்பல் கட்டும் செலவில் பாதிதான் என்று வாதாடினார். அவர் ஆற்றிய உரைகளிலேயே உணர்ச்சி மிகுந்தது அதுதான். புகழும் அதே புகழ், நேர்மையும் அதே நேர்மை. அரசுகள் ஒரு பைசா தரவில்லை. போல்ஷெவிக் ஆட்சிக்கு ஆயுள் நீட்டிக்க நாங்கள் ஏன் பணம் தர வேண்டும் என்பதே அவையில் ஓடிய எண்ணம்.

அதே பஞ்சத்தில் வென்றவர் யார் என்று பார்த்தால் வாதம் இன்னும் தெளிவாகும். ஹூவரின் அமெரிக்க நிவாரண நிர்வாகம் 1922 ஆகஸ்டில் நாளொன்றுக்கு ஒரு கோடிப் பேருக்கு மேல் உணவு கொடுத்தது. ஹூவர் கம்யூனிசத்தின் பரம எதிரி, பேச்சில் யாரையும் உருக வைப்பவரும் அல்ல. ஆனால் அமெரிக்க விவசாயிகளிடம் விலை போகாத மக்காச்சோளம் மலையாகக் குவிந்திருந்தது. 1921 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் அந்தத் தானியத்தை வாங்க 2 கோடி டாலர் ஒதுக்கியது. வோல்காக் கரைக் குழந்தைக்கும் சோறு, அயோவா விவசாயிக்கும் விலை. நான்செனிடம் இப்படிக் கொடுக்க எதுவும் இல்லை. சராட்டோவ் பகுதியில் பிரிட்டனின் குழந்தைகள் காப்பு நிதி போன்ற தனியார் அமைப்புகளைத் தன் குடைக்குக் கீழே சேர்த்து, ஹூவர் ஊட்டியதில் ஒரு சிறு பங்குதான் அவரால் ஊட்ட முடிந்தது. அந்தப் பஞ்சத்தில் ஏறக்குறைய 50 லட்சம் பேர் இறந்தார்கள்.

இரண்டாவது ஆட்சேபம் அவர் காலத்திலேயே உரக்க எழுந்தது: நான்சென் சோவியத்துகளின் கைப்பாவை. இதில் பாதி நியாயம் உண்டு. ஹூவர் தன் ஒப்பந்தத்தில் விநியோகத்தின் பிடி அமெரிக்கர் கையில் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினார். நான்சென் சோவியத் பிரதிநிதியோடு பிடியைப் பகிர்ந்துகொண்டார். 1922 இலையுதிர் காலத்தில் ஒரு பக்கம் உதவி கேட்டுக்கொண்டே இன்னொரு பக்கம் சோவியத் அரசு தானியத்தை ஏற்றுமதி செய்யத் தொடங்கியபோது அமெரிக்கர்கள் கொதித்துப் போனார்கள். நான்சென் அடக்கியே வாசித்தார். பல்கேரியாவிலிருந்த கொசாக்குகளில் சில ஆயிரம் பேர் ரஷ்யா திரும்ப அவர் ஏற்பாடு செய்ததைப் புலம்பெயர்ந்த ரஷ்யர்கள் கடைசிவரை மன்னிக்கவில்லை. இருந்தாலும் கைப்பாவை என்ற சொல் பொருந்தாது. கைப்பாவைக்கு எசமானர் ஒருவர். நான்செனை மாஸ்கோ சந்தேகித்தது, பாரிஸ் சந்தேகித்தது, அவர் காப்பாற்ற வந்த அகதிகளே சந்தேகித்தார்கள். உள்ளே நுழைவதற்கான விலையாக அவர் மௌனத்தைக் கொடுத்தார். பஞ்சப் பகுதிக்குள் போக வேண்டும் என்றால் பஞ்சத்துக்குக் காரணமானவர்களின் அனுமதி வேண்டும். இன்றுவரை நிவாரணத் தூதர்கள் எல்லோரும் கொடுக்கும் விலை அதுதான். கொடுக்க மறுப்பவர் மானஸ்தராக வெளியே நிற்கலாம். கொடுக்கும் அளவில் நான்சென் தாராளம் காட்டிவிட்டார் என்பது என் கருத்து. கொடுத்ததே தவறு என்று சொல்ல மாட்டேன்.

இனி அவர் பெயரை நிலைநிறுத்திய காகிதத்துக்கு வருவோம். 1920 நவம்பரில் போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெள்ளைப் படைத் தளபதி ரேங்கலின் படை கிரிமியாவைக் கைவிட்டபோது சுமார் ஒன்றரை லட்சம் பேர் கப்பலேறி கான்ஸ்டான்டிநோபிளில் வந்து இறங்கினார்கள். ஐரோப்பா முழுவதும் சிதறிய ரஷ்யர்களைச் சேர்த்தால் கணக்கு 8 லட்சம் என்று செஞ்சிலுவைச் சங்கம் 1921 பிப்ரவரியில் எழுதியது. அதற்கு மேலும் மதிப்பிட்டவர்கள் உண்டு. அந்த ஆண்டே நான்சென் அகதிகளுக்கான உயர் ஆணையராக நியமிக்கப்பட்டார். டிசம்பரில் லெனின் அரசு வெளியே போனவர்களின் குடியுரிமையைப் பறித்தது. ஜார் மன்னர் காலத்துப் பாஸ்போர்ட் அன்றோடு செல்லாக்காசு. போருக்கு முன்பு ஐரோப்பாவில் பல எல்லைகளைப் பாஸ்போர்ட் இல்லாமலேயே கடக்கலாம். போருக்குப் பின் எந்த எல்லையிலும் காகிதம் கேட்டார்கள். வேலை இருக்கும் ஊருக்குப் போக முடியாது, இருக்கும் ஊரில் வேலை கிடையாது, தன்னை யார் என்று சொல்லும் தாளும் கிடையாது. பத்து லட்சம் பேரின் நிலை அது.

1922 ஜூலை 5ஆம் தேதி ஜெனீவாவில் 16 நாடுகள் ஓர் ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டன. அகதி எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த நாடு அவருக்கு ஓர் அடையாளச் சான்றிதழ் கொடுக்கும். மற்ற நாடுகள் அதை ஏற்று விசா கொடுக்கலாம். இதுவே நான்சென் பாஸ்போர்ட். பெயர் அவருடையது என்றாலும் அவர் கையால் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை, அரசுகளே கொடுத்தன. அதில் என்ன இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குடியுரிமை இல்லை. வேலை செய்யும் உரிமை இல்லை. எந்த நாடும் விசா கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கொடுத்த நாடுகூட அவரைத் திரும்ப உள்ளே விட வேண்டும் என்ற உறுதி தொடக்கத்தில் இல்லை. ஆயுள் ஓராண்டு. இவ்வளவு மெலிந்த தாள் என்பதால்தான் அரசுகள் சிரமமில்லாமல் கையெழுத்திட்டன. அவற்றுக்கு லாபமும் இருந்தது: காகிதம் இல்லாத அகதியைத் தள்ள இடமில்லை, காகிதம் இருந்தால் வேறு நாட்டுக்கு அனுப்பிவிடலாம். பிரான்சில் போரில் செத்தவர்களுக்குப் பதிலாகச் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் ஆள் தேவைப்பட்டது. கான்ஸ்டான்டிநோபிளில் அகதிகளைப் பராமரித்துச் சலித்தவர்களுக்கு அவர்கள் கிளம்பினால் போதும் என்றிருந்தது. இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி, ஓவியர் ஷகால், நடனக்கலைஞர் அன்னா பாவ்லோவா என்று இந்தத் தாளோடு பயணம் செய்தவர்களின் பட்டியலைப் பலரும் பெருமையாகச் சொல்வார்கள். அதே தாளை வைத்திருந்த நாவலாசிரியர் நபகோவ் பின்னாளில் அதைப் பற்றிக் கசப்போடுதான் எழுதினார். அலுவலக வாசல்களில் அது பட்ட அவமானம் அவருக்குத் தெரியும்.

மெலிந்த தாள் என்றால் பயன் என்ன என்ற கேள்வி நியாயமானது. நாடற்றவராகவே பல ஆண்டுகள் வாழ்ந்த சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட், அரசின் பாதுகாப்பு இல்லாத மனிதனுக்கு மனித உரிமை என்பது வெறும் பேச்சு என்று பிறகு கடுமையாக வாதிட்டார். ஆனால் இந்தத் தாள் மெலிவாகவே நின்றுவிடவில்லை. 1924இல் ஆர்மீனியர்களுக்கும், 1928இல் அசிரியர்களுக்கும் வேறு சிலருக்கும் விரிந்தது. 1926இல் ஐந்து தங்க பிராங்க் விலையில் நான்சென் முத்திரை வில்லை வந்தது. வசதியுள்ள அகதி ஒட்டும் வில்லையின் பணம் வசதியற்ற அகதியின் உதவிக்குப் போயிற்று. அரசுகளிடம் கையேந்தித் தோற்ற மனிதர் கண்டுபிடித்த வழி அது. 1928இல் பிரான்சும் பெல்ஜியமும் ஒரு படி மேலே போய், அகதியின் பிறப்பு, திருமணம் போன்றவற்றைச் சான்றளிக்கும் அதிகாரத்தை உயர் ஆணையரின் பிரதிநிதிக்கே கொடுத்தன. நாடில்லாதவர்களுக்கு ஒரு தூதரகம் உருவானது போலத்தான். நாளடைவில் 50க்கும் மேற்பட்ட நாடுகள் இந்தச் சான்றிதழை ஏற்றன, சுமார் நாலரை லட்சம் பேர் பெற்றார்கள். இன்று 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் 28ஆவது பிரிவு சொல்லும் பயண ஆவணம் இதன் நேர் வாரிசு. (இந்தியா அந்த உடன்படிக்கையில் இன்னும் கையெழுத்திடவில்லை.) வலுவான உரிமைகளைக் கேட்டிருந்தால் 1922இல் 16 நாடுகளில் எத்தனை கையெழுத்திட்டிருக்கும் என்று யோசித்தால், சிறியதைக் கேட்டது கோழைத்தனமா, கணக்கா என்பது விளங்கும்.

அரசுகளின் விருப்பத்தோடு ஒத்துப்போவதுதான் வெற்றிக்கு வழி என்றால், அந்த வழி எங்கே கொண்டுபோய் விடும்? இதுதான் மூன்றாவது ஆட்சேபம், எனக்கு மிகக் கனமாகப் படுவதும் இதுதான். 1922 செப்டம்பரில் துருக்கியப் படை ஸ்மிர்னாவுக்குள் நுழைந்தது, நகரம் எரிந்தது, அனடோலியாவின் கிரேக்கர்கள் லட்சக்கணக்கில் கடல் தாண்டினார்கள். நான்சென் கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போய் இரு தரப்போடும் பேசி, மக்கள் பரிமாற்றமே தீர்வு என்று முன்வைத்தார். 1923 ஜனவரி 30இல் லோசான் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. துருக்கியின் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கு, கிரேக்கத்தின் முஸ்லிம்கள் துருக்கிக்கு. கான்ஸ்டான்டிநோபிள் கிரேக்கர்களுக்கும் மேற்குத் திரேசின் முஸ்லிம்களுக்கும் மட்டும் விலக்கு. அளவுகோல் மதம் ஒன்றே, மொழி அல்ல, விருப்பம் அல்ல. துருக்கி மொழி மட்டுமே தெரிந்த கப்படோக்கியாவின் கிறிஸ்தவர் கிரேக்கர் ஆனார், கிரேக்கம் மட்டுமே தெரிந்த கிரீட் தீவு முஸ்லிம் துருக்கியர் ஆனார். யாரும் மறுக்க முடியாது, யாரும் திரும்ப முடியாது. பரிமாற்றம் கட்டாயமாக வேண்டும் என்று முதலில் சொன்னது யார் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. கிரேக்கத் தலைவர் வெனிசெலோசும் அங்காரா அரசும் அதை விரும்பினார்கள் என்பதில் ஐயமில்லை. மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் கர்சனே இது கெட்ட தீர்வு, உலகம் இதற்கு நெடுங்காலம் விலை கொடுக்கும் என்று கருதினார். கருதிக்கொண்டே நிறைவேற்றினார்.

நான்சென் தரப்பில் சொல்லக்கூடியது என்ன? ஒப்பந்தம் ஆகும் முன்பே கிரேக்கர்களில் பெரும்பகுதி, பத்து லட்சம் அளவில், ஓடி வந்துவிட்டார்கள். அவர்கள் திரும்புவதை எந்தச் சக்தியும் உறுதிசெய்திருக்க முடியாது. அவர்களுக்கு நிலம் வேண்டும், அதற்கு முஸ்லிம்கள் விட்டுப்போகும் நிலம் வேண்டும் என்பது கொடூரமான, ஆனால் பொய்யில்லாத கணக்கு. குடியமர்த்தும் வேலையும் வியக்கும்படி நடந்தது. சங்கத்தின் மேற்பார்வையில் 1924இல் கிரேக்கத்துக்குச் சுமார் ஒரு கோடி பவுன் கடன் கிடைத்தது. பணம் போட்டவர்களுக்கு 7 சதவீத வட்டி, அடமானமாகக் கிரேக்க அரசின் வருவாய். இதிலும் தர்மம் கிடையாது, முதலீடுதான். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், ஒப்பந்தத்தின் பேரால் இடம்பெயர்க்கப்பட்ட சுமார் 1,90,000 கிரேக்கர்களும் 3,55,000 முஸ்லிம்களும் மிச்சம் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஓடி வந்தவர்கள் அல்ல, வீட்டில் இருந்தவர்கள். அவர்களை அகதியாக்கியதே ஒப்பந்தம்தான். 1937இல் பாலஸ்தீனத்தைப் பிரிக்கப் பரிந்துரைத்த பீல் குழு இந்தப் பரிமாற்றத்தை முன்னுதாரணமாகக் காட்டியது. 1944 டிசம்பரில், போலந்தின் புது எல்லைக்குள் இருக்கும் ஜெர்மானியரை வெளியேற்றுவதற்குச் சர்ச்சிலும் இதையே காட்டினார். அரசுகளுக்கு நஷ்டமில்லாத இடத்தைத் தேடும் முறை, சம்பந்தப்பட்ட மனிதரைக் கேட்காமலேயே நஷ்டத்தை அவர் தலையில் கட்டும் இடத்துக்கும் போய்ச் சேரும் என்பதற்கு லோசான் சாட்சி. இங்கே நான்செனைக் காப்பாற்ற எனக்கு வழி தெரியவில்லை.

ஆர்மீனியா அத்தியாயம் சிறியது. 1915 படுகொலைகளில் தப்பியவர்களை யெரெவான் சுற்றுப்புறத்தில் குடியமர்த்த 1925இல் நேரில் போய் நிலம் பார்த்து, நீர்ப்பாசனத் திட்டம் தயாரித்து, ஆண்டுக்கு ஆண்டு சங்கத்தின் முன் வைத்தார். ஆனால் அது சோவியத் குடியரசு. கிரேக்கத்துக்குக் கிடைத்த கடன் அதற்குக் கிடைக்கவில்லை. 1929இல் சங்கம் திட்டத்தைக் கைகழுவியது. போருக்காகவும் எண்ணெய்க்காகவும் ஆர்மீனியருக்கு வாக்குறுதி கொடுத்தவர்கள் அதை மறந்துவிட்டார்கள் என்று அவர் வெளிப்படையாகக் கசந்துகொண்டது இந்த விஷயத்தில்தான். உக்ரைன் பஞ்ச நிவாரணத்திலும் ஆர்மீனியப் பயணத்திலும் அவருக்கு உதவியாளராக இருந்த இளம் ராணுவ அதிகாரி விட்குன் குவிஸ்லிங், 1940இல் நார்வேயை ஹிட்லரிடம் காட்டிக்கொடுத்து, துரோகிக்கே பெயராகிப் போனவர். மனிதாபிமானப் பணி மனிதரைச் செம்மைப்படுத்தும் என்று நம்புவோருக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

1930 மே 13இல் நான்சென் இறந்தார். அவர் பெயரில் அமைந்த அகதிகள் அலுவலகம் ரஷ்யர், ஆர்மீனியர் என்று பழைய பட்டியலில் இருந்தவர்களைத் தொடர்ந்து கவனித்தது. 1933இல் ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த யூதர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஜெர்மனியின் மனம் கோணக்கூடாது என்று, அவர்களுக்குச் சங்கத்துக்கு வெளியே தனி உயர் ஆணையரை நியமித்தார்கள். ஜேம்ஸ் மெக்டொனால்ட் என்ற அந்த அமெரிக்கர் நான்சென் வழியிலேயே அமைதியாகக் கதவு தட்டிப் பார்த்தார். எந்த அரசுக்கும் லாபமில்லாத, பொருளாதார மந்தத்தில் எந்த நாட்டிலும் ஆள் தேவைப்படாத காலம் அது. கதவுகள் திறக்கவில்லை. 1935 டிசம்பரில் அவர் ராஜினாமா செய்து, அகதிகளை உருவாக்கும் அரசையே கேள்வி கேட்க வேண்டும் என்று பகிரங்கமாக எழுதினார். நான்சென் பத்தாண்டுகளில் ஒருமுறையும் செய்யாத காரியம் அது. அந்தக் கடிதமும், அது யாரையும் அசைக்காமல் போன கதையும் அடுத்த இதழில்.